நானூற்றுப் பதினேழாம் டோக்கன்

எம். புதுப்பட்டியில் கம்ப்யூட்டர் படித்த முதல் பெண் மாரிசெல்வி இல்லை. அவளுக்கு முன்னால் இரண்டு பேர் படித்துவிட்டுக் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார்கள். படித்த படிப்பை வைத்து உள்ளூர்க் கம்பெனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். அவளுடைய அம்மா வள்ளித்தாய் அதே கம்பெனியின் பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறவள். அப்பா இல்லை.

அந்தக் கம்பெனிக்கு ஏட்டில் மூன்று பெயர்கள் உண்டு. ஊருக்கு அது ராஜபாண்டியன் கம்பெனி. திருத்தங்கலில் அச்சகம், புதுப்பட்டிக்கு மேற்கே பட்டாசு ஆலை. 2004-இல் மாரிசெல்வி அச்சகத்தில் ஆர்டர் தட்டச்சு செய்யும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். முதலாளி ராஜபாண்டியன் பில்லில்லாத திருட்டு மென்பொருளை ஏற்றுகிறவரும் இல்லை, காசு கொடுத்து வாங்குகிறவரும் இல்லை. ஆகவே மாரிசெல்வி கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியைப் போட்டுப் பழகினாள். பிறகு அச்சக ஆர்டருக்கு என்று இணையத்திலிருந்து ஓர் இலவச மென்பொருளை இறக்கினாள். அது சரியாக வேலை செய்யவே, சரக்கு இருப்புக்கு இன்னொன்று. ஆள் வருகைக்கு மூன்றாவது. கம்ப்யூட்டரோ பிரிண்டரோ மக்கர் செய்தால் புகார் எழுதிப் போட நான்காவது. புகார் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் விழும். அவள் பார்த்துச் சரிசெய்து பதில் எழுதி மூட வேண்டும்.

நான்கையும் முகம் தெரியாத யாராரோ எழுதி, உள்ளே இருப்பதை யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து விட்டிருந்தார்கள். அவள் திருத்தினாள். தமிழில் பெயர் விழும்படி செய்தாள். ஆனால் நான்கும் ஒரே வீட்டில் நான்கு அடுப்பு வைத்த மாதிரிதான் இருந்தன. ஒன்றில் இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. ஆர்டர் எழுதுகிறவருக்குச் சரக்கு இருக்கிறதா என்று தெரியாது. சரக்கு பார்க்கிறவருக்கு இன்று எத்தனை ஆள் வந்திருக்கிறது என்று தெரியாது. முதலாளி ஒரு விஷயம் அறிய நாலு பேருக்குப் போன் போடுவார்.

2006-இல் முதலாளியின் மகள் கீர்த்திகா கோயம்புத்தூரில் நிர்வாகப் படிப்பை முடித்து வந்தாள். முதல் வாரமே மாரிசெல்வியின் மேஜைக்கு வந்து நின்றாள்.

"எல்லாத்தையும் ஒரே ஸ்கிரீன்ல பாக்க முடியுமா?"

"முடியும் மேடம். நாலையும் கோத்துக் கட்டணும். நாளாகும்."

"எம்புட்டு நாளு?"

"ஒரு வருசம் ஆகலாம்."

"சரி, கட்டு. அப்பாட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

அந்த ஒரு வருஷம் மாரிசெல்வி சந்தோஷமாக இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் புதுப்பட்டி பஸ்ஸில் ஏறும்போதே அன்றைக்கு எதை எதோடு கோர்ப்பது என்ற யோசனை ஓடும். ஆர்டரையும் சரக்கையும் இணைத்த அன்று, தீப்பெட்டி லேபிள் ஆர்டர் ஒன்றைப் போட்டதும் அட்டை இருப்பு தானாகக் குறைந்ததைப் பார்த்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் "ம்" என்றார். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

சிக்கல் ஆள் பட்டியலில் வந்தது.

கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் பெயர் நாலு இடத்தில் இருந்தது. வாசலில் டோக்கன் கொடுக்கும் ஏடு, ஊர் ஊராய்ப் போய் ஆள் ஏற்றும் வேன்காரர்களின் சீட்டு, ஆஸ்பத்திரிச் சலுகைக்காகப் பதிந்த அட்டை, சம்பளப் பட்டியல். ஒன்றில் வள்ளித்தாய், ஒன்றில் வள்ளி, ஒன்றில் மு. வள்ளித்தாயி. மாரிசெல்வியின் சொந்த அம்மாவே மூன்று பேராக இருந்தாள். நாலையும் கொட்டிக் கலந்தபோது ஆலையில் இருக்கும் ஆளைவிட இரண்டு பங்கு பெயர் வந்தது. இவற்றில் யார் யார் ஒரே ஆள் என்று பிரித்தறிய அவள் ஒரு விதி எழுதினாள். பெயர் ஒன்று, புருஷன் அல்லது தகப்பன் பெயர் ஒன்று, ஊர் ஒன்று. மூன்றும் பொருந்தினால் ஒரே ஆள். பொருந்தியவற்றை மென்பொருள் ஜோடி ஜோடியாகக் காட்டும். அவள் பார்த்து "சேர்" என்று அழுத்தினால் இரண்டும் ஒன்றாகும்.

முந்நூற்றுச் சொச்சம் ஜோடிகள் வந்தன. முதல் இருநூறை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சந்தேகம் வந்தால் வாசல் கிளார்க் அய்யாதுரைக்குப் போன் போட்டுக் கேட்டாள். அவர் அந்த வாசலில் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவர். ஆனால் ஆகஸ்ட் வந்துவிட்டது. தீபாவளி சீசன். வடக்கேயிருந்து ஆர்டர் குவிந்தது. சுதந்திர தினம் முடிந்த மறுநாள் ராஜபாண்டியன் அவளைக் கூப்பிட்டு விட்டார்.

"ஏம்மா, ஒரு வருசமா கட்டுற. திங்கக்கிழமை ஓடுமா, ஓடாதா?"

"ஆள் லிஸ்ட்டு மட்டும் கொஞ்சம் பாக்கி இருக்கு, மொதலாளி."

"ஆளு என்ன புது ஆளா? அதே ஆளுதான. திங்கக்கிழமை ஓட்டிரு."

சனிக்கிழமை சாயங்காலம், மீதி நூற்றுச் சொச்சம் ஜோடிகளை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது போலிருந்தது. "எல்லாவற்றையும் சேர்" என்று ஒரு பொத்தான் இருந்தது. அந்தப் பொத்தானை அவளேதான் வைத்திருந்தாள். அழுத்தினாள்.

திங்கட்கிழமை ஓடியது. கீர்த்திகா தன் அறையில் திரையைத் திருப்பி வைத்து, ஆலைக்குள் இந்த நிமிஷம் எத்தனை பேர், எந்த அறையில் எத்தனை பேர் என்று அப்பாவுக்குக் காட்டினாள். அன்று காலையிலேயே நாற்பத்தொரு புகார்கள் விழுந்தன. புதிதாக ஒன்று வந்தால் அப்படித்தான். பெரும்பாலும் ஆட்கள் தவறாகத் தட்டியதால் வந்தவை. முப்பத்தெட்டாவது புகார் ஆலை வாசலிலிருந்து அய்யாதுரை போட்டது.

"டோக்கன் 417 அடித்தால் இந்த ஆள் ஏற்கெனவே உள்ளே என்று வருகிறது. 112-உம் 417-உம் ஒரே பெயர். என்ன செய்ய?"

மாரிசெல்வி திறந்து பார்த்தாள். 112, பஞ்சம்மாள், க/பெ நாகையா, எம். புதுப்பட்டி. 417-உம் அதேதான். பழைய டோக்கன் தொலைந்து புது டோக்கன் வாங்கியவர்கள் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். இதுவும் அப்படி என்று நினைத்தாள். பதில் எழுதினாள்: "இரண்டும் ஒரே ஆள். இரண்டாவது டோக்கனைப் பதிய வேண்டாம்." புகாரை மூடினாள். அடுத்த புகாருக்குப் போனாள்.

புதுப்பட்டியில் பஞ்சம்மாள் இரண்டு பேர். இரண்டு பேருடைய புருஷனுக்கும் பெயர் நாகையா. ஒருத்தி மேலத்தெரு, ஐம்பது தாண்டியவள். இன்னொருத்தி தண்ணீர் டேங்குக்குப் பக்கத்து வீடு, முப்பத்தைந்து வயது, மாரிசெல்வியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். ஊரில் யாரும் இருவரையும் குழப்பிக்கொண்டதில்லை. மேலத்தெருப் பஞ்சம்மா, டேங்குப் பஞ்சம்மா. அவ்வளவுதான். மாரிசெல்விக்கு இது தெரியாததா? தெரியும். ஆனால் திரையில் வந்தது பஞ்சம்மாள், க/பெ நாகையா. தெருவும் டேங்கும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அய்யாதுரை பதிலைப் படித்தார். இரண்டு பஞ்சம்மாளும் கண் முன்னே வெவ்வேறு ஆளாய் வாசலைக் கடந்து போனார்கள். கம்ப்யூட்டர் வேண்டாம் என்கிறது, படித்த பிள்ளை சொல்கிறது, சனிக்கிழமை சம்பளப் பட்டியல் போடும்போது பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து டேங்குப் பஞ்சம்மாள் பதிவில்லாமல் உள்ளே போனாள்.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்குப் பதினான்காம் அறை வெடித்தது.

அச்சகத்தில் மேஜை அதிர்ந்தது. யாரும் எதுவும் சொல்லாமல் எல்லாரும் எழுந்து வெளியே போனார்கள். அந்தப் பக்கத்தில் அப்படித்தான். சத்தம் கேட்டால் வானத்தைப் பார்ப்பார்கள், புகை எந்தத் திசையில் என்று. புகை புதுப்பட்டித் திசையில் எழுந்தது. மாரிசெல்வி ஓடிவந்து திரையைப் பார்த்தாள். பதினான்காம் அறையில் மூன்று பேர். அம்மாவின் கொட்டகை தள்ளி, இருபத்திரண்டாம் எண். ஆலைக்குள் இருந்த எல்லாருடைய பட்டியலையும் ஆலை வாசலில் உள்ள பிரிண்டருக்கு அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் அங்கே தாள் வந்திருக்கும். அதற்காகவும்தானே இதைக் கட்டியது என்று அந்த நேரத்தில் நினைத்ததாகப் பிறகு சொன்னாள்.

ஆலையில் நடந்ததை வள்ளித்தாய் சொல்லித்தான் தெரியும். வெடித்ததும் நாலா பக்கமும் ஓடினார்கள். வேலிக்கம்பியைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் போனவர்கள், ரோட்டுக்கு ஓடியவர்கள். பக்கத்து இரண்டு அறைகளும் தரைமட்டம். எந்த அறையில் யாரை உட்கார வைத்தோம் என்று அறிந்த போர்மேன், முகம் வெந்து முதல் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பதினான்காம் அறையில் இரண்டு பேர் அங்கேயே முடிந்திருந்தார்கள். மூன்றாவது பெண்ணை நினைவில்லாமல் தூக்கினார்கள். தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்தது. ஒரு மணி வாக்கில் அய்யாதுரை அந்தத் தாளை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டார்.

"பஞ்சம்மா, நாகையா பெண்டாட்டி."

"இந்தா இருக்கேன்" என்றாள் மேலத்தெருப் பஞ்சம்மாள்.

அய்யாதுரை டிக் அடித்தார். கூட்டத்திலிருந்து வள்ளித்தாய் கேட்டாள்.

"அண்ணே, டேங்குப் பஞ்சம்மாளக் காணமே?"

அவர் தாளைக் காட்டினார். "எல்லா ஆளும் சரியா இருக்குத்தா. நூத்தி எம்பத்தெட்டு. செத்தது, அடிபட்டது, நிக்கிறது எல்லாம் கூட்டிப் பாத்தாச்சு. அவ பயந்து வீட்டுக்கு ஓடிட்டாளோ என்னமோ."

வள்ளித்தாய் பேசாமல் இருந்துவிட்டாள். இரண்டு மணிக்குத் தேடுவதை நிறுத்தினார்கள். முதலாளி தரப்பிலிருந்து அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்த கணக்கிலும் உள்ளே நூற்றி எண்பத்தெட்டு பேர் என்றே இருந்தது.

டேங்குப் பஞ்சம்மாளின் புருஷன் நாகையா சாத்தூரில் தீப்பெட்டி லோடு ஏற்றப் போயிருந்தான். சேதி கேட்டு நாலு மணிக்கு ஆலைக்கு வந்தான். அவளை யாரும் பார்க்கவில்லை என்றார்கள். எல்லா ஆளும் சரி என்றார்கள். வீட்டுக்குப் போனான், கதவு பூட்டிக் கிடந்தது. திரும்ப வந்து தனியாகவே காட்டுக்குள் இறங்கித் தேடினான். ஆலைக்குப் பின்புறம், கம்பிக்கு வெளியே, காய்ந்த ஓடைக்குள் அவள் கிடந்தாள். வெடித்த வேகத்தில் வந்த சுவர்த் துண்டு இடது காலில் விழுந்து முழங்காலுக்குக் கீழே நொறுங்கியிருந்தது. அந்தக் காலை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் தவழ்ந்து, ஓடையில் உருண்டிருந்தாள். ஐந்தரை மணி நேரம் அந்த வெயிலில் கிடந்திருக்கிறாள். தேடுகிறவர்களின் சத்தம் கேட்டுக் கூப்பிட்டதாகவும், பிறகு சத்தமே இல்லாமல் போய்விட்டதாகவும் சொன்னாள்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். சீக்கிரமே கொண்டுவந்திருந்தால் கால் தப்பியிருக்குமா என்று நாகையா கேட்டான். டாக்டர் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை.

மாரிசெல்வி மறுநாள் காலை வீட்டில் அம்மா வாயால்தான் இதைக் கேட்டாள். வள்ளித்தாய் இரவெல்லாம் இழவு வீடுகளில் இருந்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்திருந்தாள்.

"நான் கேட்டேன்டி. டேங்குப் பஞ்சம்மா எங்கனன்னு கேட்டேன். பேப்பரக் காட்டுனாக."

"எந்தப் பேப்பரும்மா?"

"நீ அனுப்புன பேப்பருதான். எம்மக போட்ட லிஸ்ட்டு தப்பா இருக்காதுன்னு பேசாம நின்னுட்டேன்."

மாரிசெல்வி சாப்பிடாமல் அச்சகத்துக்குப் போனாள். பட்டியலைத் திறந்தாள். 112. 417. பிறகு முப்பத்தெட்டாவது புகார். அதன் கீழே தன் பெயர், தன் பதில், திங்கட்கிழமை காலை பத்து மணி பதினேழு நிமிஷம். அதற்கு முன் வேறு எதையாவது அத்தனை முறை படித்திருப்பாளா தெரியாது.

அதற்குள் விவகாரம் வேறு மாதிரி திரும்பிவிட்டது. பஞ்சம்மாள் அன்று ஆலைக்குள்ளேயே வரவில்லை, ஓடையில் விறகு பொறுக்க வந்தவள்மேல் கல் விழுந்திருக்கிறது என்று கம்பெனி தரப்பில் சொன்னார்கள். உள்ளே எத்தனை பேர் என்றே தெரியாமல் ஆலை நடத்தினார்கள் என்று வந்தால், சீசன் நேரத்தில் லைசென்சுக்கே வினை. பஞ்சம்மாள் கம்பெனி ஆள் இல்லை என்றால் விபத்துப் பட்டியலில் அவள் பெயர் ஏறாது. மேற்கொண்டு வைத்தியம், செயற்கைக் கால், பிள்ளைகள் படிப்பு எதற்கும் யாரும் பொறுப்பில்லை.

கீர்த்திகா மாரிசெல்வியைக் கூப்பிட்டுக் கேட்டாள். "அந்தப் பொம்பளை வந்ததுக்கு நம்ம சிஸ்டத்துல ஏதாச்சும் இருக்கா?"

மாரிசெல்வி பொய் சொல்லவில்லை. புகாரைக் காட்டினாள். கீர்த்திகா படித்தாள். பிறகு அப்பாவின் அறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் ராஜபாண்டியனே வந்தார். மாரிசெல்வி எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா. இங்கன பாரு. நானூறு குடும்பம் இந்தக் கம்பெனிய நம்பி இருக்கு. உங்கம்மாவும் இருக்காக. ஆலைய மூடுனா அம்புட்டுப் பேரும் என்ன செய்வாக?" குரலைத் தாழ்த்தினார். "அந்த எழுத்து இருந்தா மொதல்ல மாட்டுறது நீதான். உம் பேருதான் அதுல இருக்கு. எடுத்துரு. அந்தப் பொம்பளைக்கு நான் தனியாப் பாத்துச் செய்யுதேன்."

அவர் மிரட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது என்றாள் மாரிசெல்வி. அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அவளுக்குப் பயமும் உண்மை.

எடுத்துவிட்டாள். புகார் மென்பொருளில் எதையும் அழிக்க வழி இல்லை, மூடத்தான் முடியும். ஆகவே உள்ளே போய் அந்த ஒரு வரியை நேராக அழித்தாள். முப்பத்தேழுக்கு அடுத்து முப்பத்தொன்பது வந்தது. ராஜபாண்டியன் "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெளிவில்லை. நாகையா வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தான். "வா தாயி" என்றான். அவனுக்கு எதுவும் தெரியாது. பஞ்சம்மாள் கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தாள். உதடு வெடித்துக் கிடந்தது.

"மாரியா? உங்கம்மா நல்லாருக்காளா?"

"நல்லாருக்கு சித்தி."

"ஏத்தா, நீதான கம்ப்யூட்டர்ல எல்லாப் பேரும் ஏத்துத. நான் வேலைக்கி வரலன்னு சொல்லுதாகளாமே. காலையில வேன்ல உங்கம்மா பக்கத்துலதான உக்காந்து வந்தேன். அய்யாதுரை அண்ணங்கிட்ட டோக்கனக் காட்டிட்டுத்தான உள்ள போனேன். எம் பேரு எங்கன போச்சு?"

மாரிசெல்வி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. வாங்கிப்போன ரொட்டியை வைத்துவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போனாள்.

ஆலையின் கம்ப்யூட்டரில் நாள்தோறும் விழுவது எல்லாம் அச்சகத்தில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டருக்குத் தானாகப் பிரதி போகும்படி அவள் வைத்திருந்தாள். இடி விழுந்து ஒரு பெட்டி போனாலும் இன்னொன்றில் இருக்கட்டும் என்று. அழித்தது ஆலைப் பெட்டியில் மட்டும்தான். திங்கள் முதல் வியாழன் வரையான பிரதிகள் அப்படியே இருந்தன. திங்கட்கிழமை காலை எல்லாருக்கும் முன்னால் வந்து, அவற்றிலிருந்து முப்பத்தெட்டாவது புகாரைத் திரும்ப எடுத்தாள். அதற்கும் முந்தைய பிரதி ஒன்றிலிருந்து, சேர்ப்பதற்கு முன்னிருந்த பழைய ஆள் பட்டியலையும் எடுத்தாள். அதில் 112-உம் 417-உம் வேறு வேறு தேதியில் வேலைக்குச் சேர்ந்தவர்களாக இருந்தார்கள். இரண்டையும் தாளில் அச்சடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

விசாரணை சிவகாசியில் நடந்தது. அதிகாரி நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். கம்பெனி சார்பில் ஆள் பட்டியலை விளக்க மாரிசெல்வியைத்தான் அனுப்பியிருந்தார்கள். கீர்த்திகாவும் வந்திருந்தாள். பட்டியலைக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டிய இடத்தில் மாரிசெல்வி மற்ற இரண்டு தாள்களையும் மேஜையில் வைத்தாள்.

அதிகாரி படித்தார். "புகார் போட்டது வாசல் கிளார்க். கீழ பதில் எழுதுனது யாரு?"

"நான்தான் சார்."

"ரெண்டும் ஒரே ஆள்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"பேரு ஒண்ணா இருந்துச்சு சார். அவுகள எனக்குத் தெரியும். ரெண்டு பேரையும் தெரியும். ஆனா பாக்கல. படிச்சேன், பாக்கல."

"இப்ப கம்பெனி கம்ப்யூட்டர்ல இந்தப் புகார் இல்லையே?"

"அழிச்சாச்சு சார்."

"யாரு அழிச்சது?"

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். முதலாளி சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"அதுவும் நான்தான்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அழிக்கச் சொன்னாக. ஆனா அழிச்சது என் கைதான்" என்றாள்.

கீர்த்திகா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாவுக்காகப் பேசவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அய்யாதுரையைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார்.

பஞ்சம்மாள் பெயர் விபத்துப் பட்டியலில் ஏறியது. வைத்தியமும் செயற்கைக் காலும் கம்பெனி பொறுப்பு என்று ஆயிற்று. அறிக்கையில் மாரிசெல்வியின் பெயரும் இருந்தது. ஆலையை மூன்று மாதம் மூடினார்கள். தீபாவளி சீசன் போயிற்று.

அவளுக்கு அன்றே வேலை போயிற்று. அது அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஊர். ஆலை மூடியதால் புதுப்பட்டியில் பாதி வீடுகளில் வேலையில்லை. குழாயடியில் அவள் குடம் வைத்தால் பேச்சு நின்றது. "படிச்சவ பண்ணுன தப்புக்கு நாம பட்டினி" என்று அவள் காது கேட்கவே ஒருத்தி சொன்னாள். வள்ளித்தாய்க்கும் வேலை இல்லை. அவள் வேறு ஆலைக்குக் கேட்டுப் போனால், "நீங்க அந்தப் பிள்ளைக்கி அம்மாவா?" என்றார்கள். ஒரு வாரம் அம்மாவும் மகளும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஒரு நாள் வள்ளித்தாய் தட்டில் சோறு போட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, "நீ சொல்லாம இருந்திருந்தா நான் பஞ்சம்மா மூஞ்சியில எப்படி முழிச்சிருப்பேன்? சாப்பிடு" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சிவகாசியிலும் திருத்தங்கலிலும் அச்சகங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. எதிலும் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. எட்டு மாதம் கழித்து விருதுநகரில் ஒரு பருப்பு மில்லின் அலுவலகத்தில் சேர்ந்தாள். அங்கேயும் இரண்டு மென்பொருள் தனித்தனியாக ஓடின. இணைத்துக் கொடு என்றார்கள். வாடிக்கைக்காரர் பெயர்கள் அறுநூறு இருந்தன. ஒரே மாதிரி இருந்த ஒவ்வொன்றுக்கும் போன் போட்டு, "நீங்க எந்தக் கடை, எந்தத் தெரு, உங்களத் தவிர இதே பேருல வேற யாரும் இருக்காகளா?" என்று கேட்டாள். இரண்டு மாதம் பிடித்தது. மேனேஜர் சலித்துக்கொண்டார். கம்ப்யூட்டரே கண்டுபிடிக்காதா என்றார். "கண்டுபிடிக்காது சார்" என்று மட்டும் சொன்னாள். இன்னும் சில நாள் பஸ்ஸில் போகும்போது, யாராவது எங்கேயோ கூப்பிடுவது போலக் காதில் விழும் என்றும், திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது என்றும் சொன்னாள்.

2009-இல், வைகாசியில், வேலை முடிந்து வரும்போது சிவகாசி பஸ் ஸ்டாண்டில் புதுப்பட்டி பஸ்ஸில் ஏறினாள். மூன்றாவது வரிசையில் பஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். செயற்கைக் காலைக் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். வெயிலுக்கு அது ஒட்டிக்கொண்டு புண்ணாகும். ஊன்றுகோல் ஜன்னலோரம் சாய்ந்திருந்தது. பக்கத்து இருக்கை காலி. மாரிசெல்வி தயங்கி நின்றாள். விசாரணைக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசியதில்லை.

"நிக்கிறவ உக்காரு" என்றாள் பஞ்சம்மாள், முகத்தைத் திருப்பாமல்.

உட்கார்ந்தாள். பஸ் கிளம்பி ஊர் எல்லை தாண்டியது.

"அன்னிக்கி ஆஸ்பத்திரிக்கி வந்தியே. அப்பமே உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சித்தி."

"தெரிஞ்சேதான் ரொட்டி வாங்கிட்டு வந்தியா?"

பஞ்சம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"நான் வேலைக்கி வந்தவதான்னு நீ போய்ச் சொன்னது சரி. அத நான் மறக்கல. ஆனா அந்த ஓடையில கெடந்தப்ப தண்ணி தண்ணின்னு கத்துனேன் பாரு, அதயும் மறக்க முடியல. ரெண்டும் கெடக்கு உள்ள. என்ன செய்யச் சொல்லுத?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம் சித்தி."

பஞ்சம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெயில் தாழ்ந்து ஆலைக் கொட்டகைகளின் தகரங்கள் மஞ்சளாகத் தெரிந்தன. புதுப்பட்டி நிறுத்தம் வந்ததும் நடத்துனர் விசில் ஊதினார். பஞ்சம்மாள் ஊன்றுகோலை எடுத்தாள். பையை மாரிசெல்வியிடம் நீட்டினாள்.

"இதப் புடி. கனமா இருக்கும், கீழ போட்டுராத."

மாரிசெல்வி பையை வாங்கிக்கொண்டு முதலில் இறங்கி நின்றாள். பஞ்சம்மாள் ஒவ்வொரு படியாக, கம்பியைப் பிடித்து, யார் உதவியும் கேட்காமல் இறங்கினாள். இறங்கியதும் பையைத் திரும்ப வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, டேங்குப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.